மென்பொருள் மேலாளர் மருத்துவமனை ஐடிக்கு மாறுவது எப்படி: படிப்படியான முழு வழிகாட்டி

வங்கி மென்பொருளில் 16 ஆண்டுகள் ஓட்டி, டெலிவரி ஹெட் வரை போன பிறகு மருத்துவத் துறைக்கு மாறியவன் நான். எனக்குப் பின்னால் அதே பாதையில் வந்த பத்துப் பன்னிரண்டு பேருடன் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அவர்களில் யாருக்கும் அறிவுக் குறைவு இல்லை. தடுக்கி விழுந்தது வரிசையில்தான். முதலில் சர்டிஃபிகேட், அப்புறம் வேலை, கடைசியாக வார்டுக்குள் கால் வைப்பது என்று போனார்கள். நானும் அப்படித்தான் போனேன். கீழே உள்ளது அந்த வரிசையைத் தலைகீழாக்கிய வடிவம்.

டீம் நடத்திப் பழகியவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். டெவலப்பர்கள் 9ஆம் பகுதியைத் தாண்டிவிடலாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை காலம் ஒதுக்குங்கள். இருக்கும் வேலையை விட வேண்டாம். 8ஆம் பகுதி வரை வார இறுதியிலும் சேர்த்து வைத்த லீவிலும் முடிக்கலாம். வேலையை விட்டுவிட்டுப் படித்தவர்கள் நான்காம் மாதத்தில் பயந்துபோய், கிடைத்த முதல் வேலையில் ஏறிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

உள்ளே அழைத்துப்போக ஒரு ஆள் வேண்டும். 50 முதல் 150 படுக்கை உள்ள மருத்துவமனை சரியான அளவு. சின்ன கிளினிக்கில் எல்லாப் பிரிவும் இருக்காது. பெரிய கார்ப்பரேட் மருத்துவமனையில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். குடும்ப டாக்டர் வழியாகக் கேட்பதுதான் சுலபம்.

16 ஜிபி ரேம் உள்ள லேப்டாப், அதில் மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிபோல ஓட்ட உதவும் டாக்கர். வேறு செலவு இப்போதைக்கு இல்லை.

கடைசியாக, வீட்டில் ஒரு பேச்சு. முதல் வேலையில் பதவி ஒரு படி இறங்கலாம், சம்பளமும் கூடவே இறங்கலாம். இதை ஆஃபர் லெட்டர் வந்த அன்று பேசாமல் இப்போதே பேசிவிடுங்கள்.

2. எந்த வாசல் என்று முடிவெடுங்கள்

'ஹெல்த்கேர் ஐடி' என்று ஒரே வேலை கிடையாது. சென்னையில் இருந்து பார்த்தால் நான்கு வாசல்கள் தெரியும்: மருத்துவமனையின் உள் ஐடி பிரிவு, மருத்துவமனை மென்பொருள் தயாரிக்கும் நிறுவனம், அமெரிக்க மருத்துவ பில்லிங்கையும் இன்ஷூரன்ஸ் கிளெய்மையும் இங்கிருந்து செய்யும் நிறுவனம், மருத்துவக் கருவிக்குள் ஓடும் மென்பொருள்.

இதை ஏன் முதலிலேயே முடிவெடுக்க வேண்டும்? படிக்க வேண்டியது வாசலுக்கு வாசல் மாறுகிறது. அமெரிக்க கிளெய்ம் பக்கம் போகிறவருக்கு எக்ஸ்12 என்ற மின்னணுத் தரத்தின் பரிவர்த்தனைகள் தெரிந்திருக்க வேண்டும். 837 கிளெய்ம், 835 பணம் வந்த விவரம், 270, 271 தகுதிச் சோதனை, 278 முன் அனுமதி. கருவி மென்பொருளுக்குப் போகிறவருக்கு ஐஇசி 62304 (மென்பொருள் உருவாக்க முறை), ஐஎஸ்ஓ 14971 (ஆபத்து மேலாண்மை) ஆகிய இரண்டும் அன்றாடம் புழங்கும் தரங்கள். முதல் இரண்டு வாசல்களில் நுழைகிறவருக்கு இவை எதுவும் தினசரி தேவைப்படாது.

வங்கி, இன்ஷூரன்ஸ் பின்னணி உள்ளவருக்குக் கிளெய்ம் பக்கம்தான் கிட்டத்தில் இருக்கும் வாசல். ஆட்டோமோட்டிவ் எம்பெடட் பக்கம் இருந்தவருக்குக் கருவி. இஆர்பி செய்தவருக்கு மருத்துவமனை மென்பொருள். பழைய அனுபவத்தை முழுக்கத் தூக்கிப் போட்டுவிட்டு வருகிறவர் ஃபிரெஷருடன் போட்டி போட வேண்டியதாகிவிடும்.

இனி வருவது முதல் இரண்டு வாசல்களை ஒட்டியது. மற்ற இரண்டுக்கும் 3, 4 ஆகிய பகுதிகள் பொதுவானவை.

3. ஒரு வாரம் மருத்துவமனையில் உட்காருங்கள்

புத்தகத்துக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். இதில் குறுக்கு வழி கிடையாது.

முதலில் ரகசியம் காப்பதாக ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் கொடுங்கள். நோட்டில் நோயாளியின் பெயரையோ, மருத்துவமனை அவருக்குத் தரும் யுஎச்ஐடி அடையாள எண்ணையோ எழுதக் கூடாது, போட்டோ எடுக்கவே கூடாது. பரிசோதனை நடக்கும்போது அறைக்கு வெளியே போய்விடுங்கள்.

முதல் நாள் காலை 7:30க்கு ரெஜிஸ்ட்ரேஷன் கவுண்டர். கூட்டம் வரும் முன் போனால்தான் வரிசை எப்படி உருவாகிறது என்பது தெரியும். இரண்டாம் நாள் ஓபி. டாக்டர் ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிடம் செலவிடுகிறார், அதில் எவ்வளவு நேரம் திரையைப் பார்க்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் லேப். ரத்தம் எடுத்த டியூபில் ஸ்டிக்கர் ஒட்டுவதிலிருந்து ரிப்போர்ட் கையெழுத்தாவது வரை பின்தொடருங்கள்.

நான்காம் நாள் பகலில் போகாதீர்கள். இரவு ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வார்டுக்குப் போய், விடியும் வரை இருங்கள். ஒரு சிஸ்டர் அடுத்த சிஸ்டரிடம் வார்டை ஒப்படைக்கும் அந்த இருபது நிமிடத்தில் கணினிக்குள் இல்லாத தகவல் எவ்வளவு கைமாறுகிறது என்று கேளுங்கள். என் முதல் வார இரவில், மருந்து கொடுத்ததை உடனே சிஸ்டத்தில் ஏற்றினால் என்ன என்று ஒரு சிஸ்டரிடம் கேட்டேன். "சார், நீங்க உட்கார்ந்துக்கிட்டு யோசிக்கிறீங்க. எனக்கு ஒரு கையில டிரிப் பாட்டில், இன்னொரு கையில பேஷன்ட். எந்தக் கையால டைப் பண்ண?" என்றார். நான் பார்த்திருந்த எந்தத் தேவை ஆவணத்திலும் அந்த வரி இல்லை.

ஐந்தாம் நாள் டிஸ்சார்ஜும் பில்லிங்கும். காலை ரவுண்ட்ஸில் "இன்னிக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று டாக்டர் சொன்ன நேரத்தையும், நோயாளி உண்மையில் படியிறங்கிய நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கேஷ்லெஸ் டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும் என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 மே மாதச் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. அந்த மூன்று மணி நேரம் தொடங்கும் முன்பே மருத்துவமனைக்குள் எவ்வளவு நேரம் கரைகிறது என்பதைக் கண்ணால் பாருங்கள். பார்மசி மீதி மருந்தைத் திரும்ப எடுக்க வேண்டும், டிஸ்சார்ஜ் சம்மரி டைப் ஆக வேண்டும், டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும், ஆனால் அவர் ஆபரேஷன் தியேட்டரில் இருப்பார்.

ஆறாம் நாள் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் அறை. எந்தக் காகிதத்தை எதற்காக எத்தனை ஆண்டு வைத்திருக்கிறார்கள் என்று அங்கே இருப்பவரைக் கேளுங்கள். அந்த ஆளை யாரும் மதித்துக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள், கேட்டால் கொட்டுவார்.

வழக்கமான தவறு: இந்த வாரத்திலேயே தீர்வு சொல்லத் தொடங்குவது. வாயை மூடிக்கொண்டு இருங்கள். இரண்டாம் நாளே யோசனை சொன்னவரை மூன்றாம் நாள் டீ குடிக்கக்கூட யாரும் கூப்பிடவில்லை.

4. ஒரே நோயாளி, ஒரே தாள்

வாரம் முடிந்ததும் ஏ3 தாளில் ஒரு நோயாளியின் பாதையை வரையுங்கள். காய்ச்சலுடன் ஓபிக்கு வந்தார், டெங்கு என்று தெரிந்து அட்மிட் ஆனார், நான்காம் நாள் வீட்டுக்குப் போனார் என்று ஒரு சாதாரண கதை போதும்.

ஒவ்வொரு அடியிலும் மூன்றைக் குறியுங்கள்: யார் தகவலை உண்டாக்குகிறார், எங்கே எழுதுகிறார், அடுத்து யாருக்கு அது தேவை. ஒரே தகவல் எத்தனை இடத்தில் மறுபடி எழுதப்படுகிறது என்று சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள். பிளேட்லெட் எண்ணிக்கை லேப் ரிப்போர்ட்டிலும், கேஸ் ஷீட்டிலும், ஷிஃப்ட் நோட்டிலும், டிஸ்சார்ஜ் சம்மரியிலும் தனித்தனியாகக் கையால் எழுதப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் பிற்பாடு செய்யப்போகும் வேலையில் பாதி அந்த வட்டங்களில் இருக்கிறது.

அங்கே உட்கார்ந்திருந்த ஒரு சிஸ்டரிடமும் பில்லிங் ஆளிடமும் தாளைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். முதல் தாளில் நிச்சயம் ஐந்தாறு தவறு இருக்கும். மென்பொருள்காரர்கள் அதிகம் விட்டுவிடுவது 'நோயாளி பெட் மாறினார்' என்ற அடி.

5. நோயாளியின் அடையாளம்

இந்தப் பகுதியில் மெதுவாகப் போங்கள். வங்கியில் இருந்து வருகிறவர் கேஒய்சி நினைப்பிலேயே வருவார். வங்கியில் ஆவணம் இல்லை என்றால் கணக்கு இல்லை. மருத்துவமனையில் பெயர் தெரியாமல், நினைவில்லாமல் ஸ்ட்ரெச்சரில் வருகிறவருக்கும் ஐந்து நொடியில் எண் கொடுத்தாக வேண்டும். பிறகு உறவினர் வந்து பெயர் சொல்லும்போது அந்தத் தற்காலிகப் பதிவைப் பழைய பதிவுடன் இணைக்க வேண்டும்.

நம் ஊர்ச் சிக்கல்கள் வேறு இருக்கின்றன. முதல் பெயர், கடைசிப் பெயர் என்ற இரண்டு கட்டங்களுக்குள் நம் இனிஷியல் அடங்காது. கே. முருகன் ஒரு தடவை முருகன் கே ஆவார், இன்னொரு தடவை முருகன் குப்புசாமி ஆவார். பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்க நாளாகும். அதுவரை 'பேபி ஆஃப் லட்சுமி'. இரட்டைக் குழந்தை என்றால் அதிலும் ஒன்று, இரண்டு. கைபேசி எண் பெரும்பாலும் மகனுடையது. ஒரே எண்ணில் குடும்பமே பதிவாகியிருக்கும்.

என் முதல் புராஜெக்டில் பிறந்த தேதியைக் கட்டாயமாக்கினேன். தேதி தெரியாத பெரியவர்களுக்கெல்லாம் கவுண்டரில் வயதைக் கேட்டு, ஆண்டைக் கணக்குப் போட்டு, ஜனவரி 1 என்று தட்டிவிட்டார்கள். நான் எழுதச் சொன்ன டூப்ளிகேட் கண்டுபிடிக்கும் விதியோ பெயர், பிறந்த தேதி, கைபேசி எண் மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்றது. ஒரே வீட்டில், ஒரே பெயரில், ஒத்த வயதில் இரண்டு ஓரகத்திகள். இருவர் பதிவும் ஒன்றாகிவிட்டது. வார்டு சிஸ்டர் திரையைப் பார்த்துவிட்டு, "இந்தம்மாவுக்குச் சர்க்கரையே கிடையாதே சார்" என்று சொன்னதால் தப்பித்தோம்.

அதிலிருந்து நான் மாற்றிக்கொண்டது இரண்டு. ஒன்று, தெரிந்தது வயது மட்டும் என்றால் அது கணக்கிட்ட வயது என்று சிஸ்டத்தில் தனியாகக் குறிக்க வேண்டும். இரண்டு, இணைப்பதை ஒருபோதும் தானாக நடக்கவிடக் கூடாது. சிஸ்டம் சந்தேகத்தைச் சொல்லட்டும், மனிதர் முடிவெடுக்கட்டும், இணைத்ததைப் பிரிக்கவும் வழி இருக்கட்டும்.

6. குறியீடுகள்: நான்கு போதும்

நோய்க்கு ஐசிடி-10, பரிசோதனைக்கு லாயிங்க், மருத்துவச் சொற்களுக்கு ஸ்னோமெட் சிடி, எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களுக்கு டைகாம். முழுவதும் படிக்க முயலாதீர்கள், லட்சக்கணக்கில் இருக்கும். ஒரே விஷயம் ஒவ்வொன்றிலும் எப்படி இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். டைப் 2 சர்க்கரை நோய் ஐசிடி-10இல் இ11, ஸ்னோமெட்டில் 44054006. மூன்று மாதச் சராசரி சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனை லாயிங்கில் 4548-4.

இந்தியா ஸ்னோமெட் அமைப்பின் உறுப்பு நாடு என்பதால் இங்கே பயன்படுத்தக் கட்டணம் இல்லை. சி-டாக் புனேயில் உள்ள தேசிய மையத்தில் பதிவு செய்து வாங்கிக்கொள்ளலாம்.

குறியீட்டைவிட அளவின் அலகில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். நம் லேப்கள் ரத்தச் சர்க்கரையை டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் தரும். பிரிட்டனில் லிட்டருக்கு மில்லிமோல். 126ம் 7.0வும் ஒரே அளவுதான், 18ஆல் வகுத்தால் வரும். அலகை விட்டுவிட்டு எண்ணை மட்டும் சேமித்த டேட்டாபேஸை என்னிடம் ஒருவர் பெருமையாகக் காட்டினார்.

7. செய்தித் தரங்கள்: பழையதில் தொடங்குங்கள்

ஒரு மருத்துவ மென்பொருள் இன்னொன்றுடன் தகவல் பரிமாறும் முறைதான் செய்தித் தரம். எல்லோரும் நேராக ஃபயர் என்ற புதிய தரத்துக்குப் போகிறார்கள். எஃப்எச்ஐஆர் என்று எழுதி ஃபயர் என்று படிப்பார்கள். ஜேசன், ரெஸ்ட் எல்லாம் பழகியதுதான், அதனால் வசதியாக இருக்கும். ஆனால் மருத்துவமனைகளுக்குள் இன்னும் அதிகம் ஓடுவது எச்எல்7 என்ற பழைய தரத்தின் இரண்டாம் பதிப்பு: செங்குத்துக் கோடுகளால் பிரிக்கப்பட்ட வரிகள். அதற்கும் கீழே, ஏஎஸ்டிஎம் நெறிமுறையில் சீரியல் கேபிள் வழியே பேசும் லேப் மெஷின்கள் இருக்கும். அதனால் பழையதைப் படித்துவிட்டுப் புதியதற்கு வாருங்கள். எது ஏன் மாறியது என்பதும் கூடவே புரிந்துவிடும்.

ஆறு செய்திகள் போதும். ஏ01 அட்மிஷன், ஏ08 விவரத் திருத்தம், ஏ40 பதிவு இணைப்பு, ஏ03 டிஸ்சார்ஜ், ஓ01 ஆர்டர், ஆர்01 ரிசல்ட். 4ஆம் பகுதியில் வரைந்த தாளின் மேல் ஒவ்வொரு அடியிலும் எந்தச் செய்தி போகும் என்று எழுதுங்கள்.

ரிசல்ட் செய்தியில் பரிசோதனை முடிவைத் தாங்கும் ஓபிஎக்ஸ் வரியில் பதினோராவது கட்டத்தைக் கவனியுங்கள். 'பி' என்றால் தற்காலிகம், 'எஃப்' என்றால் இறுதி, 'சி' என்றால் திருத்தியது. திருத்திய ரிசல்ட்டைப் புதிய ரிசல்ட்டாகச் சேர்த்து, தவறானதையும் பக்கத்திலேயே காட்டிக்கொண்டிருக்கும் இன்டர்ஃபேஸ்களை நானே சரிசெய்திருக்கிறேன். டாக்டர் எதை நம்புவார்?

அப்புறம் ஃபயர். ஆர்4 பதிப்பைப் படியுங்கள். பேஷன்ட், என்கவுன்டர், அப்சர்வேஷன், மெடிகேஷன் ரிக்வெஸ்ட், டயக்னாஸ்டிக் ரிப்போர்ட் ஆகிய ஐந்தில் தொடங்குங்கள். சிந்தியா என்ற இலவசக் கருவி கற்பனை நோயாளிகளை உருவாக்கித் தரும். அதை உங்கள் லேப்டாப்பில் ஹாப்பி ஃபயர் சர்வருக்குள் ஏற்றி விளையாடுங்கள். நிஜ நோயாளித் தரவைப் பயிற்சிக்குத் தொடவே கூடாது. பெயரை அழித்துவிட்டேன் என்பதெல்லாம் செல்லாது.

8. கையால் ஒன்று செய்து காட்டுங்கள்

மேலாளர்கள் இந்த இடத்தில் நழுவப் பார்ப்பார்கள், "டீமில் ஆள் செய்வார்கள்" என்று. நீங்களே செய்யுங்கள். நேர்காணலில் உங்களை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டப்போவது இதுதான்.

பாம்னி என்ற திறந்தமூல மருத்துவமனை மென்பொருளை நிறுவுங்கள். 4ஆம் பகுதியில் வரைந்த டெங்கு நோயாளியை அதற்குள் முதலிலிருந்து கடைசி வரை நடத்துங்கள். எங்கே தாளுடன் ஒத்துப்போகவில்லை என்று இரண்டு பக்கம் எழுதி வையுங்கள்.

அடுத்தது மத்திய அரசின் டிஜிட்டல் மருத்துவப் பதிவுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனின் சாண்ட்பாக்ஸ், அதாவது சோதனைக் களம். மூன்று மைல்கல் உண்டு. எம்1இல் நோயாளியின் 14 இலக்க ஆபா அடையாள எண்ணை உருவாக்குவதும் சரிபார்ப்பதும். எம்2இல் உங்கள் மென்பொருளில் உள்ள பதிவுகளை அந்த எண்ணுடன் இணைத்து, கேட்டால் அனுப்புவது. எம்3இல் நோயாளியின் சம்மதம் பெற்று வேறிடத்துப் பதிவைக் கேட்டு வாங்குவது. தனியாளாக எம்1ஐ முடித்து, எம்2 எப்படி ஓடும் என்று புரிந்துகொண்டால் போதும். நிஜ அமைப்பில் இணைய, மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் பட்டியலில் உள்ள தணிக்கையாளரின் பாதுகாப்புச் சான்று உட்பட வேறு படிகள் இருக்கின்றன; அது நிறுவனத்தின் வேலை.

இதில் நேரம் தின்பது கோடிங் அல்ல, சம்மதத்தின் கணக்கு. யார், எதற்காக, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரையிலான பதிவை, எப்போது வரை பார்க்கலாம் என்பதெல்லாம் சம்மதத்துக்குள் இருக்கும். 'ஆம், இல்லை' என்று ஒரே கட்டத்தில் வைத்தவர்கள் எல்லோரும் மறுபடி எழுதினார்கள்.

சட்டத்தையும் இப்போதே சேர்த்துப் படித்துவிடுங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023: போதிய பாதுகாப்பு இல்லாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம், 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குப் பெற்றோர் சம்மதம். சைபர் சம்பவத்தைச் செர்ட்-இன்னுக்கு ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 உத்தரவு. அமெரிக்க வேலை என்றால் அந்நாட்டின் மருத்துவத் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஹிப்பா, அதில் அடையாளம் நீக்குவதற்கான 18 விவரங்களின் பட்டியல். 89 வயதுக்கு மேற்பட்டவரின் வயதுகூட அந்தப் பட்டியலில் உண்டு. அந்த வயதில் ஊருக்கு நாலு பேர்தானே இருப்பார்கள், கண்டுபிடித்துவிடலாம்.

9. ரெஸ்யூமேவும் நேர்காணலும்

இப்போதுதான் ரெஸ்யூமே. முதல் பக்கத்தில் டீமின் அளவையும் பட்ஜெட்டையும் நிரப்பாதீர்கள். மருத்துவமனையில் ஒரு வாரம் இருந்து என்ன கண்டீர்கள் என்பதை நான்கு வரியில் மேலே வையுங்கள். பழைய வேலையை இந்தத் துறையின் மொழியில் சொல்லுங்கள்: 24 மணி நேரமும் நிற்காத அமைப்பை நடத்தியது, தணிக்கைக்குப் பதில் சொன்னது, பழைய சிஸ்டத்திலிருந்து தரவை மாற்றியது.

நேர்காணலில் ஒரு டாக்டரும் இருப்பார். "எமர்ஜென்சியில் எனக்கு அந்த நோயாளியின் பதிவைப் பார்க்க அனுமதி இல்லை என்றால்?" என்பது போலக் கேட்பார். அனுமதியை இறுக்க வேண்டும் என்று வங்கிப் பதில் சொன்னவர்கள் தோற்றார்கள். திறந்து கொடு, காரணம் கேள், பதிவு செய், மறுநாள் ஆய்வு செய். கண்ணாடி உடைக்கும் அனுமதி என்று இதற்குப் பெயர்.

சர்டிஃபிகேட் பற்றி: மருத்துவ ஐடிக்கான சிபிஎச்ஐஎம்எஸ் போன்றவை துறையில் வேலை பார்த்த அனுபவத்தையும் கேட்கும். சேர்ந்த பிறகு யோசிக்கலாம்.

10. முதல் கோ-லைவ்

கோ-லைவ் என்றால் புதிய சிஸ்டத்தை நிஜப் பயன்பாட்டுக்குத் திறப்பது. வேலை கிடைத்தபின் உங்கள் பெயர் நிற்பதும் கெடுவதும் இதில்தான். ஞாயிறு இரவு மாற்றிவிட்டுத் திங்கள் காலை திறக்கலாம் என்பது வங்கிக்காரர் புத்தி. திங்கள்தான் ஓபி நிரம்பி வழியும் நாள். பொங்கல், தீபாவளி விடுமுறைக்கு மறுநாளும் அப்படியே. வாரத்தின் நடுவில் ஒரு நாளைப் பிடியுங்கள், மாதக் கடைசியையும் தவிருங்கள்.

ஐபியில் படுத்திருப்பவர்களை மறந்துவிடாதீர்கள். மாறும் இரவில் வார்டில் உள்ள ஒவ்வொருவரின் நடப்பு மருந்து, அலர்ஜி, பாக்கி பரிசோதனை மூன்றையும் ஒரு சிஸ்டரும் ஒரு பார்மசி ஆளும் சேர்ந்து புதிய சிஸ்டத்தில் ஏற்றிச் சரிபார்க்க வேண்டும். இதை ஸ்கிரிப்ட் எழுதி முடிக்கப் பார்க்காதீர்கள்.

காகிதப் படிவங்களை அச்சடித்து ஒவ்வொரு வார்டிலும் வையுங்கள், எப்படி நிரப்புவது என்று ஒரு மணி நேரமாவது ஒத்திகை பாருங்கள். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் சைபர் தாக்குதலில் விழுந்தபோது, அவ்வளவு பெரிய மருத்துவமனை நாள்கணக்கில் கையால் எழுதித்தான் ஓடியது. சிஸ்டம் எழுந்த பிறகு காகிதத்தில் இருப்பதை யார் ஏற்றுவது என்றும் முன்பே பெயர் குறித்துவிடுங்கள். அதைக் குறிக்காததால் மூன்று வாரக் காகிதம் ஒரு அட்டைப் பெட்டியில் கிடந்ததைப் பார்த்தேன்.

முதல் இரண்டு வாரம் உங்கள் இருக்கை ஐடி அறையில் இருக்கக் கூடாது. வார்டில் ஒரு ஸ்டூல் கேளுங்கள். வரும் புகார்களை மூன்று குவியலாகப் பிரியுங்கள்: நோயாளிக்கு ஆபத்து, வேலை நிற்கிறது, எரிச்சல். முதல் குவியலை அன்றே, இரண்டாவதை 48 மணி நேரத்தில். மூன்றாவது குவியலை அப்படியே வைத்திருந்து பதினைந்தாம் நாள் பிரித்துப் பாருங்கள். பாதி தானாகப் பழகியிருக்கும், மீதிப் பாதியில் பெரும்பாலும் இரவு ஷிஃப்ட் சிஸ்டர்களின் கையெழுத்து இருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள்.